பத்ரியின் பூட்டு

தமிழரசி ஷெட்டுக்குள் நுழைந்தபோது பிரஸ்கள் எல்லாம் நின்றிருந்தன. கார் கதவுக்கான தகட்டை அழுத்தும் ராட்சத இயந்திரங்கள் அவை. ஓடும்போது ஆகுர்டி ரோட்டு டீக்கடை பெஞ்சு வரைக்கும் தரை அதிரும். இப்போது கூரைக்கடியில் புறா சிறகடிப்பதுகூடக் கேட்டது.

நான்காம் பிரஸ்ஸின் பின்பக்கம் நீலத் தார்ப்பாய் ஒன்று விரித்திருந்தது. அதற்கடியில் பத்ரி இருந்தான்.

"தூக்கிப் பாக்காதீங்கம்மா" என்றார், யாரையும் கிட்டே விடாமல் காவலுக்கு நின்ற ஷிஃப்ட் சூப்பர்வைசர் பரமசிவம். திருநெல்வேலியிலிருந்து வந்து தலைமுடி நரைக்கும்வரை இங்கேயே உழைத்தவர். "பாக்குத மாதிரி இல்ல."

அவள் பார்த்தாள். பிறகு தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துச் சரியாக மூடினாள்.

பத்ரிக்கு அச்சு பொருத்தும் வேலை. மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவே தகடு சிக்கிக்கொண்டால் உள்ளே புகுந்து எடுப்பவனும் அவன்தான். கட்கியில் பிறந்தவன், அவளைப் போலவே. இரண்டு பேருடைய அப்பாக்களும் ஒரே படைக்கலத் தொழிற்சாலைக்கு சைக்கிள் மிதித்தவர்கள். அந்த உரிமையில் அவன் அவளை 'மேடம்' என்று கூப்பிடும்போது மட்டும் லேசாகச் சிரிப்பான்.

சப் இன்ஸ்பெக்டர் பன்சோடே ஒரு பிளாஸ்டிக் உறையை உயர்த்திக் காட்டினார். உள்ளே சிறிய பித்தளைச் சாவி. அதன் தலையில் காய்ந்த சந்தனம், நடுவே குங்குமம்.

"நீங்கதான் இங்க சேஃப்டி ஆபீசரா?" என்று மராத்தியில் கேட்டார். "இது செத்தவன் பேண்ட் பாக்கெட்டில் இருந்தது. என்ன சாவி?"

"அவன் பூட்டோட சாவி."

"பூட்டு?"

அவள் பிரஸ்ஸின் பக்கவாட்டிலிருந்த மின்பெட்டியைக் காட்டினாள். மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது. அதன் கைப்பிடியில் சிவப்புப் பூட்டு ஒன்று தொங்கியது. உடம்பில் 'பத்ரி' என்று ஆழமாகச் செதுக்கிய இந்தி எழுத்து. இன்றைக்குக் கடையிலிருந்து வாங்கி வந்ததுபோல் பளிச்சென்று இருந்தது.

பூட்டுத் திட்டம் அவள் கொண்டுவந்தது. இயந்திரத்துக்குள் கை வைக்கிற ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பூட்டு, ஒரே ஒரு சாவி. உள்ளே போகுமுன் சுவிட்சை அணைத்துப் பூட்ட வேண்டும், சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். அவன் வெளியே வந்து திறக்கிறவரை அந்த இயந்திரத்தை முதலாளியே வந்தாலும் ஓட்ட முடியாது. மாற்றுச் சாவிகளை எல்லோர் கண்ணெதிரிலும் அவளே வெட்டிப் போட்டிருந்தாள்.

"அப்படின்னா கேஸ் விசித்திரமா இருக்கே" என்றார் பன்சோடே. "சுவிட்ச் பூட்டியிருக்கு. சாவி உள்ள போனவன்கிட்ட. கரண்ட் இல்லாத மிஷின் எப்படி ஆளைக் கொல்லும்?"

"பிரேக் ஸ்லிப் ஆயிருக்கு." பின்னாலிருந்து தமிழில் சொன்னது ஆலைத் தலைவர் நிர்மல். சென்னைக்காரர். விஷ்ராந்த்வாடி வீட்டிலிருந்து அதிகாலையிலேயே கிளம்பி வந்துவிடுகிற மனுஷன். "பாவம், அவன் எல்லா ரூலையும் ஒழுங்கா ஃபாலோ பண்ணியிருக்கான், தமிழரசி. நம்ம சைடுல தப்பே இல்லை. மிஷின் சப்ளை பண்ணவன்தான் பதில் சொல்லணும்." பிறகு அதையே இந்தியில் இன்ஸ்பெக்டருக்குச் சொன்னார்.

தமிழரசி பிரஸ்ஸை நிமிர்ந்து பார்த்தாள். மேலிருந்து இறங்கும் பாரமான பகுதியை அங்கே ஸ்லைடு என்பார்கள். பத்ரியின் மேல் இறங்கியது அதுதான். அது இப்போது உச்சியில் நின்றது.

இர்பான் கன்வேயர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தான். நான்காம் பிரஸ்ஸை ஓட்டுகிறவன். பத்ரியும் அவனும் ஒரே பைக்கில் வேலைக்கு வருவார்கள். அவள் அவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எங்க இருந்தே, இர்பான்?"

"முன்னாடி மேடம். பட்டன் பக்கத்துல."

"பத்ரி உள்ள போனதைப் பாத்தியா?"

"நஹி மேடம். பின்பக்கமா போயிருக்கான். முன்னாலேருந்து தெரியாது."

"ஸ்லைடு?"

அவன் கண் ஒரு கணம் பரமசிவத்திடம் போய்த் திரும்பியது. "அப்னே ஆப். தானா இறங்கிடுச்சு."

"அவனை எப்படி வெளிய எடுத்தீங்க?"

"ஸ்லைடை மேல தூக்கி..."

"கரண்ட் இல்லாமலா?"

இர்பான் மறுபடியும் பரமசிவத்தைப் பார்த்தான்.

"செயின் பிளாக் போட்டு இழுத்தோம்மா" என்று பரமசிவம் குறுக்கே வந்தார். "நாலஞ்சு பேரு சேந்து. அந்தப் பயகிட்ட இப்ப கேக்காதீங்க. பேயறைஞ்சாப்ல இருக்கான்."

சரி என்று எழுந்தாள். நேராகக் கருவி அறைக்குப் போனாள். பாரம் தூக்கும் செயின் பிளாக் அந்த ஷெட்டில் ஒன்றே ஒன்றுதான். சுவரில் அதன் இடத்தில் தொங்கியது. ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அன்று சுற்றிய சாமந்திச் சரம் கொக்கியையும் சங்கிலியையும் சேர்த்துப் பிணைத்தபடி காய்ந்து கிடந்தது. நூல் முடிச்சு அவிழவில்லை. விரலால் தொட்டதும் இதழ்கள் பொடியாக உதிர்ந்தன.

இந்தச் சங்கிலியை யாரும் தொடவே இல்லை. ஸ்லைடை மேலே ஏற்றியது மின்சாரம்தான். அப்படியானால் பத்ரி இறந்த பிறகும் சுவிட்ச் பூட்டப்படாமல்தான் இருந்தது. பூட்டு அதற்குப் பிறகு வந்தது.

பரமசிவம் பொய் சொல்லக்கூடியவர் என்று யாராவது நேற்றுச் சொல்லியிருந்தால் அவள் சண்டைக்குப் போயிருப்பாள்.

மத்தியானம் கசார்வாடிக்குப் போனாள். பட்டறைகளுக்குப் பின்னாலிருந்த சந்தில் ஒற்றை அறை வீடு. பத்ரியின் மனைவி ஷீலா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஷீலா அழவில்லை. அடுப்பில் காலையில் வைத்த குக்கர் அப்படியே இருந்தது.

"சாவி ஒண்ணு கெடச்சுதாமே" என்றாள் ஷீலா தானாகவே. "போலீஸ்காரர் போன்ல கேட்டாரு. பொட்டு வெச்ச சாவியான்னு."

"நீங்க வெச்சதா?"

"ஆமா. பூஜை அன்னிக்கு எல்லாத்தையும் சாமி முன்னாடி வைப்போம். பைக் சாவி, இஸ்திரிப் பெட்டி, அவரு கம்பெனி சாவி. வருஷா வருஷம் பூட்டையும் எடுத்துட்டு வருவாரு. ஒரு நாளைக்குத்தானேம்பாரு."

"இந்த வருஷம்?"

ஷீலா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "கொண்டு வரல."

"ஏன்?"

"கம்பெனியில இருக்குன்னாரு." அதற்கு மேல் அவள் நிமிரவில்லை. தமிழரசியும் அப்போது அதைத் துருவவில்லை. துக்க வீடு.

அங்கிருந்து மறுபடியும் தொழிற்சாலைக்கே வந்தாள். கேன்டீன் வாசலில் பூட்டுப் பலகை இருந்தது. ஆளுக்கொரு கொக்கி, மேலே அவரவர் போட்டோ. பலகையின் தலைப்பில் மராத்தியிலும் இந்தியிலும் பெரிதாக எழுதியிருந்தது: 'நிறுத்தும் அதிகாரம் உங்கள் கையில்.' ஆபத்து என்று தோன்றினால் எந்தத் தொழிலாளியும் எந்த இயந்திரத்தையும் நிறுத்தலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. அந்த வாசகத்துக்காக மூன்று கூட்டம் நடத்தி நிர்மலிடம் சம்மதம் வாங்கியவள் அவள். அவர் மாலை போட்டு அதைத் திறந்து வைத்தார். கீழே புகார்ப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் ஒரு துண்டுக் காகிதம்கூட விழுந்ததில்லை. எல்லாம் நன்றாக நடக்கிறது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பூட்டுகளை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் மஞ்சள் நிறத்தில் சந்தனப் பொட்டு இருந்தது. பாதி அழிந்திருந்தாலும், செதுக்கிய எழுத்துகளின் குழிகளில் நன்றாக அப்பிக் கிடந்தது. பூஜை அன்று கிண்ணத்தில் சந்தனம் குழைத்து ஒரு பூட்டு விடாமல் பொட்டு வைத்துக்கொண்டு போனது பரமசிவம். அவளே பக்கத்தில் நின்று பொரி வாங்கித் தின்றிருக்கிறாள். பத்ரியின் கொக்கி அன்று காலியாக இருந்ததா? அவள் பார்க்கவில்லை. அத்தனை பேர் நின்ற இடத்தில் அது ஒன்றைத்தான் அவள் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மீட்டிங் அறையில் எல்லோரும் இருந்தார்கள். நிர்மல் தன் அறிக்கையை அச்சடித்துத் தயாராக வைத்திருந்தார். பன்சோடே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் சாகேப்" என்றாள் தமிழரசி. "சாவியையும் பூட்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க."

வைத்தார்.

"சாவிக்குப் பொட்டு இருக்கு. பூட்டுக்கு இல்ல."

"துடைச்சிருப்பான்."

"பலகையில இருக்கற பூட்டெல்லாம் நேத்துப் பாத்தேன். சந்தனம் எழுத்துக் குழிக்குள்ள போனா ஊசி வெச்சுத்தான் எடுக்கணும். இதுல குழி சுத்தமா இருக்கு. பூஜை அன்னிக்கு இந்தப் பூட்டு பலகையிலயும் இல்ல, அவன் வீட்டுலயும் இல்ல. சாவி மட்டும்தான் அவன்கிட்ட இருந்தது. பூட்டு வேற யார்கிட்டயோ இருந்தது."

பன்சோடே பேனாவை மூடி வைத்தார்.

"சாவி இல்லாத பூட்டை வெச்சுக்கிட்டு யார் என்ன பண்ணப்போறாங்க?" என்றார் நிர்மல்.

"பூட்ட விடாம பண்ணலாம் சார்." அவள் இர்பான் பக்கம் திரும்பினாள். "செயின் பிளாக்குல பூஜைச் சரம் அறுபடாம இருக்கு. ஸ்லைடைக் கரண்டுலதான் தூக்கியிருக்கீங்க. சுவிட்ச் பூட்டாமத்தான் இருந்தது. நான் சொல்றேன், தப்புன்னா சொல்லு. தகடு சிக்கிச்சு. பத்ரி முன்னாடி இருக்கற சிவப்பு நிறுத்தப் பட்டனை அழுத்திட்டுப் பின்பக்கமா உள்ள போனான். பூட்டு போடல, ஏன்னா அவன்கிட்ட பூட்டே இல்ல. நீ எங்கயோ போயிருந்தே."

"டீ குடிக்க" என்றான் இர்பான். "திரும்பி வந்தேன். பட்டன் அழுத்தி இருந்துச்சு. பரமசிவம் பாய் தூரத்துலேருந்து சாலு கர், சாலு கர், ஓட்டுன்னு கத்துனாரு. நான் சுவிட்சைப் பாத்தேன் மேடம். கசம் சே, சத்தியமா பாத்தேன். பூட்டு இல்ல. பூட்டு இல்லேன்னா உள்ள ஆள் இல்லேன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

அவை அவள் சொன்னவை. அதே வார்த்தைகள்தான். படம் போட்டுக் காட்டி, எல்லோரையும் திருப்பிச் சொல்லச் சொல்லிப் பாடமாக்கிய வார்த்தைகள்.

"பட்டனை விடுவிச்சு ஓட்டினேன்" என்றான் இர்பான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

தமிழரசி பரமசிவத்தைப் பார்த்தாள். "அதுக்கப்புறம் பூட்டைக் கொண்டு வந்து, அவன் பாக்கெட்டிலேருந்து சாவியை எடுத்துத் திறந்து, சுவிட்சுல மாட்டிப் பூட்டி, சாவியைத் திரும்ப வெச்சது நீங்க. அந்த நேரத்துல போலீஸ் வர்ற வரைக்கும் யாரும் கிட்ட போகக் கூடாதுன்னு பத்ரி பக்கத்துல காவலுக்கு நின்னது நீங்க ஒருத்தர்தான் அண்ணே."

பரமசிவம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"போன மாசம் கஸ்டமர் கம்பெனி ஆளுங்க வந்திருந்தப்ப பத்ரி பிரஸ்ஸை நிறுத்திட்டான்லா. பிரேக்கு சத்தம் சரியில்லேன்னு. நீங்ககூட மேடையில கூப்ட்டு சால்வை போத்தினீங்க. மறுநாளு சார் அவனைக் கேபினுக்குக் கூப்ட்டாரு. பூட்டைக் கொண்டான்னாரு. வாங்கி டிராயர்ல போட்டுட்டாரு. நாஞ் சொல்லுதப்ப நிறுத்துனாப் போதும்னாரு." அவர் நிர்மலைப் பார்க்கவில்லை. "நேத்து அதே டிராயர்லேருந்து எடுத்து எங் கையில குடுத்தாரு. பூட்டு இல்லாம உள்ள போனான்னு தெரிஞ்சா பழி அவன் தலையில விழுந்துரும், குடும்பத்துக்கு ஒண்ணும் கெடைக்காதுன்னாரு. அது நெசந்தானம்மா? நீங்க சொல்லுங்க. நெசந்தான?"

அவளுக்குத் தெரியும்: பாதி நிஜம்தான்.

"பத்ரியோட பூட்டை எடுத்து வெச்சது நிர்மல் சார்" என்று பன்சோடேவிடம் மராத்தியில் சொன்னாள். "ஓட்டியது இர்பான். மறைச்சது பரமசிவம். ஆனா கொன்னது அந்த டிராயர்."

நிர்மல் நாற்காலியில் சாய்ந்தார். கோபம் இல்லை, களைப்புத்தான் தெரிந்தது. "இது ஒரு சூப்பர்வைசர் தன்னைக் காப்பாத்திக்க சொல்ற கதை. நான் பூட்டை வாங்கினதை யார் பாத்தாங்க? ஷெட்டுல இத்தனை பேர் வேலை செய்றாங்க. கூப்பிட்டுக் கேளுங்க."

கேட்டார்கள்.

பன்சோடே ஒவ்வொருவராக அழைத்தார். தமிழரசி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பத்ரியின் கொக்கி காலியாக இருந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள் என்பது அவர்கள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. பூட்டு இல்லாமல் அவன் எத்தனையோ முறை உள்ளே போய் வந்ததும் தெரிந்திருந்தது. "மாலூம் நஹி சாப், தெரியாது" என்றார்கள். ஒருவன் மட்டும் எழுந்து போகும்போது அவள் பக்கம் குனிந்தான். "நான் சொன்னா என் பூட்டும் போயிடும் மேடம்" என்று மெதுவாகச் சொன்னான். பன்சோடே நிமிர்ந்தபோது தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனான்.

பரமசிவத்தையும் இர்பானையும் ஜீப்பில் ஏற்றினார்கள். சாயங்காலமே நான்காம் பிரஸ் தவிர மற்றவை ஓடத் தொடங்கின.

ஒரு மாதத்துக்குள் எல்லாம் கரைந்து போனது. ஜாமீனில் வந்த பரமசிவம் பூட்டைத் தானே வாங்கி வைத்திருந்ததாக எழுதிக் கொடுத்தார். அவர் மகனுக்கு அந்தக் கம்பெனியின் சாக்கன் கிளையில் வேலை கிடைத்திருந்தது. நிர்மலையும் அங்கேதான் மாற்றினார்கள், பதவி உயர்வோடு. இர்பானும் ஜாமீனில் வெளியே வந்தான்; ஆம்பூர் அத்தை வீட்டுக்குப் போனவன் போனை எடுக்கவே இல்லை. தமிழரசி தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதினாள். நேரில் போனாள். மறுபடி எழுதினாள். சாட்சி யார் என்று கேட்டார்கள்.

வேலையை விட்டுவிடலாம் என்று ராஜினாமாவை எழுதிக்கூட வைத்தாள். விட்டால் அந்த இடத்துக்கு வருகிறவன் இதையும் கேட்க மாட்டான் என்று தோன்றியது. இருந்தால் மட்டும் என்ன கேட்டுவிட முடிந்தது என்றும் தோன்றியது. இரண்டுக்கும் நடுவில் தினமும் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, கேட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். நீலச் சட்டை எல்லோருக்கும் பெரிதாக இருந்தது. கடைசியில் ஷீலா நின்றாள். பத்ரிக்குப் பதிலாகக் கம்பெனி கொடுத்த வேலை. சின்ன பிரஸ் பிரிவில்.

தமிழரசி அவளைத் தனியாக அழைத்தாள். "இங்க வேண்டாம் ஷீலா. வேற எங்கயாவது பாத்துக்கலாம். நான் கேட்டுச் சொல்றேன்."

"வேற எங்கயும் இவ்வளவு சீக்கிரம் எடுக்க மாட்டாங்க மேடம். பசங்க ரெண்டு பேரும் இருக்காங்க." ஷீலா அடையாள அட்டையைக் கழுத்தில் சரி செய்துகொண்டாள்.

"உள்ள ஏதாவது சரியில்லேன்னு தோணிச்சுன்னா உடனே என்கிட்ட சொல்லணும். யார் என்ன சொன்னாலும் சரி. நேரா என்கிட்ட வரணும்."

ஷீலா அவளையே பார்த்தாள். துக்க வீட்டில் நிமிராத அந்தக் கண்கள் இப்போது நேராக நின்றன.

"அவரும் அதான் சொன்னாரு. பூட்டைப் புடுங்கிட்டாங்க, கட்கிக்காரப் பொண்ணுதான், நம்ம மேடத்துகிட்ட சொல்லிடறேன்னு கிளம்பினாரு. நான்தான் கையைப் புடிச்சு உக்கார வெச்சேன். வேலை போயிடும், பேசாம இருங்கன்னேன்."

சங்கு ஊதியது. வரிசை நகரத் தொடங்கியது.

"சொல்லியிருந்தா நீங்க வாங்கிக் குடுத்திருப்பீங்களா மேடம்?"

தமிழரசி ஆமாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். ஷீலா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, பின்னால் நின்ற காவலாளி அவசரப்படுத்தவும், மற்றவர்களோடு சேர்ந்து உள்ளே போனாள்.